இரண்டாம் வகுப்பு மீன் கிண்ணம்

காரைப் பின்னால் எடுத்தபோது மேலே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நொடியே சக்கரத்துக்குக் கீழே 'நறநற' என்று இன்னொரு சத்தம்.

மார்னி கோவல்ஸ்கி பிரேக்கை மிதித்தாள். சாவியைத் தேடுவதற்காகக் காரின் கூரைமேல் எதை வைத்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயையோ, கிண்ணம்!"

சாதாரணக் கிண்ணமா அது? விண்டர்ஃபோர்ட் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை ஏலத்துக்காகச் செய்த கிண்ணம். ஒவ்வொரு பிள்ளையும் நீல வண்ணத்தில் கட்டைவிரலை ஒற்றி, ஒற்றிய இடத்துக்கு வாலும் கண்ணும் வரைந்து மீனாக்கி, கீழே பெயரும் எழுதியிருந்தது. ரிப்பன் கட்டிக் கொடுக்கும் பொறுப்பை மார்னிதான் கேட்டு வாங்கியிருந்தாள்.

வருஷத்துக்கு நாற்பதாயிரம் டாலர் கட்டணம் வாங்குகிற பள்ளி அது. கட்டணம் கட்டின கையோடு நன்கொடையும் கொடுப்பது அங்கே வழக்கம். கட்டாயமில்லை என்பார்கள். ஆனால் கொடுக்காத குடும்பம் கிடையாது. ஒருவர் நீச்சல் குளம் கட்டித் தந்திருந்தார். மார்னி போன வருஷம் ஐம்பது டாலர் தந்தாள். நீச்சல் குளக்காரருக்குப் போன அதே மாதிரி நன்றி அட்டை, தலைமையாசிரியை கைப்பட எழுதியது, அவளுக்கும் வந்தது. அதை இன்னும் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அவள் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறவள். புருஷன் லென்னி ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறான். மகன் காலெபின் கட்டணத்தில் முக்கால்வாசியைப் பள்ளியின் உதவி நிதிதான் கட்டுகிறது. பழைய பள்ளியில் திக்குவாய் என்று கேலி செய்யப்பட்டு மேஜைக்கடியில் ஒளிந்துகொண்ட பிள்ளை, இப்போது காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வானிலை சொல்கிறான். திக்குகிறான்தான். ஆனால் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பள்ளியே காத்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கு அவளால் தர முடிந்தது ஒரு ரிப்பன். அதிலும் மண் விழுந்தது.

"போய் உள்ளதைச் சொல்லிடு" என்றான் லென்னி, துண்டுகளைப் பொறுக்கியபடி.

"எப்படிச் சொல்றது? நம்ம பிள்ளைக்கு அவங்க எவ்வளவு செஞ்சிருக்காங்க! ஒரு கிண்ணத்தைக் கையில கொடுத்தா, அது மேல காரை ஏத்திட்டேன்னா?"

"அப்ப கொடு இங்க, ஒட்டிடலாம்."

ஒட்டினான். பசை காய்ந்தபோது ஒரு மீன் தலைகீழாக நீந்தியது. இன்னொரு மீன் டயரோடு போய்விட்டிருந்தது. லென்னியின் சுண்டுவிரல் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. விரலைப் பிடுங்கியபோது ஒட்டியதெல்லாம் மறுபடி பிரிந்து, முன்னைவிடச் சின்னத் துண்டுகளாகிவிட்டது.

"நீ பிரிச்சதுக்கு என் காரே பரவாயில்ல" என்றாள் மார்னி.

கடைத்தெருவில், வெறும் பாத்திரத்தை எடுத்து நாமே வண்ணம் தீட்டினால் சுட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, அதே அளவுக் கிண்ணம் கிடைத்தது.

"நீல வண்ணம் வேணுமே."

"தீர்ந்து போச்சே! போன வாரம்தான் கடைசி டப்பா போச்சு. இதுல வேணா சிவப்பைக் கொஞ்சம் கலந்து பாருங்க, சுட்டா நீலம் மாதிரி வரும்" என்று ஏதோ ஒரு சாம்பல் நிறத்தை நீட்டினாள் கடைக்காரப் பெண்.

குழந்தை விரலுக்குத் தன் சுண்டுவிரல் சரியாக இருக்கும் என்று நினைத்து ஒற்றிப் பார்த்தாள். உடைந்த துண்டிலிருந்த மீனுக்குப் பக்கத்தில் அது நெத்திலி மாதிரி இருந்தது. கடைசியில் கட்டைவிரலையே வைக்க வேண்டியதாயிற்று.

"பணக்கார வீட்டுப் பிள்ளைங்க, நல்லா பால் குடிச்சு வளர்ந்திருக்குங்க" என்று சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் சூளையிலிருந்து வந்தது கிண்ணம். மீனெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் மின்னின.

"அழகாத்தான் இருக்கு" என்றான் லென்னி.

"நீலமா இருக்கணும், லென்னி!"

"ராத்திரி விளக்குல யாருக்குத் தெரியப் போகுது? தெரியப் போறது அந்தப் பசங்களுக்குத்தான். யார் வாங்கிட்டுப் போனாலும் அவங்க பிள்ளை முதல்ல தன் மீனைத்தானே தேடும்?"

மார்னி கிண்ணத்தைப் பெட்டிக்குள் தள்ளினாள். "அப்ப?"

"நாமளே வாங்கிடலாம். நம்ம காலெப் வேற வகுப்புதானே. வருஷா வருஷம் முந்நூறு டாலருக்கு மேல போறதில்லையாம். டயர் மாத்த வச்சிருக்கிற காசு இருக்குல்ல?"

அன்று மாலை பள்ளியின் விளையாட்டரங்கில் வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள், கோழி வறுவல், ஒயின். எல்லார் கையிலும் எண் எழுதின மட்டை. பள்ளி வாசலை ஒட்டிய கார் நிறுத்துமிடம் ஒரு வருஷத்துக்கு நாலாயிரம் டாலருக்குப் போனது. ஒருநாள் தலைமையாசிரியை நாற்காலியில் உட்காரும் உரிமை மூவாயிரத்துக்குப் போனது. கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

"அடுத்தது, நம்ம இரண்டாம் வகுப்புச் செல்லங்களோட மீன் கிண்ணம்!" என்றார் ஏலம் விடுகிறவர். "நூறு டாலர் யாரு?"

மார்னி மட்டையைத் தூக்கினாள்.

"இருநூறு!" முன்வரிசையில் ஒரு மட்டை எழுந்தது.

ஆல்டன் பார்லோ. ஏலக் குழுவின் தலைவர். மற்றவர்களின் பணத்தைப் பெருக்கித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர். விளம்பரப் படம் எடுப்பதற்காகக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், பத்து நாள் கழித்து மார்னியிடம் கொடுத்தவர் அவர்தான். "ரொம்ப ஆராய வேண்டாம், சும்மா ஒரு ரிப்பன் கட்டிடுங்க, போதும்" என்று பெட்டியை இரண்டு கையாலும் நீட்டியிருந்தார். அவருடைய மகள் டெல்ஃபின் அதே இரண்டாம் வகுப்பு. எதையும் உற்றுப் பார்க்கிற பிள்ளை.

"போச்சு, டெல்ஃபின் வீட்டுக்குப் போனா முதல் நாளே குட்டு உடைஞ்சிடும்" என்று முணுமுணுத்து, மட்டையை மறுபடி தூக்கினாள் மார்னி.

முந்நூறு. நானூறு. எழுநூறு. பார்லோ திரும்பி அவளைப் பார்த்தார். நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"ஆயிரம்!"

"ஆயிரத்து ஐந்நூறு!" என்றார் பார்லோ.

"மார்னி, கையை இறக்கு" என்றான் லென்னி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரண்டாயிரம்!" என்றாள் மார்னி.

"அடியே! நம்ம காரே அவ்வளவு பெறாது!" என்று மட்டையைப் பிடுங்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான் லென்னி.

பார்லோ எழுந்தே நின்றுவிட்டார். "ஒன்பதாயிரம்!"

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. இதுவரை எந்த வகுப்புப் பிள்ளைகளின் கைவேலையும் அந்த விலைக்குப் போனதில்லை. தலைமையாசிரியை மிஸஸ் ப்ரிஸ்காட் மேடையேறினார். மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பணம் முழுசும் உதவி நிதிக்குப் போகுது. அடுத்த வருஷம் இன்னொரு குழந்தை நம்மகிட்ட வரப் போகுது. அந்தக் குழந்தை சார்பா, உங்க எல்லாருக்கும் நன்றி."

மார்னிக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. இதே மாதிரி எவரோ ஒருவர் மட்டையைத் தூக்கியதால்தான் காலெப் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தான். அவர் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. அவருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டிய நாம், இன்னொரு நல்ல மனுஷன் தலையில் போலிக் கிண்ணத்தை ஒன்பதாயிரத்துக்குக் கட்டியிருக்கிறோமே!

"நான் போய்ச் சொல்லிடறேன், லென்னி."

"சொல்லு. நான் போய்க் காரை எடுத்து வைக்கறேன்."

கோட்டு மாட்டும் இடத்தில், பார்லோ கிண்ணப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியே நின்றிருந்தார். அவளைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார்.

"மிஸ்டர் பார்லோ, என்னை மன்னிச்சிடுங்க. அதுல இருக்கிறது பசங்க செஞ்ச கிண்ணம் இல்ல. நான் செஞ்சது. நீங்க கொடுத்ததை மறந்து கார் மேல வச்சு, அப்புறம் அது மேலயே காரை ஏத்திட்டேன். அந்த விரல் ரேகையெல்லாம் என்னோடது."

பார்லோ பெட்டியைத் திறந்தார். கத்தரிக்காய் நிற மீன்களை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க பணத்தை மாசம் ஐம்பது டாலரா கட்டிடறேன். எத்தனை வருஷமானாலும் சரி. இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு செஞ்சதுக்கு..." மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதீங்க மார்னி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்புறம் எதுக்கு இரண்டாயிரம் வரைக்கும் விடாம ஏத்தினீங்க?"

"வேற வீட்டுக்குப் போனா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுமேன்னு பயந்துதான்."

"நானும் அதே பயத்துலதான் ஏத்தினேன்" என்றார் பார்லோ.

மார்னிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வலது கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் நீல வண்ணம் ஒட்டியிருந்தது.

"பசங்க செஞ்சதை எங்க வீட்டு நாய் போன மாசமே தட்டி உடைச்சிடுச்சு, மார்னி. நீங்க கார் ஏத்தினது நான் செஞ்ச கிண்ணம் மேல."