வரி ஆபீசுக்குப் பொன்னாடை கொண்டுபோன கதை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினேன். அப்புறம் டயர் வழுவழுத்துப்போன ஒரு பழைய மினி லாரி. அது மூன்றானது. குடோன் கட்டினேன். திருநகரில் தங்கச்சிக்கு மாடிவீடு கட்டிக் கொடுத்தேன். எங்கள் தெருவுக்கு முதல் போர்வெல் நான் போட்டது. (தண்ணீர் உப்பாக வந்தது; அதற்கு நான் என்ன செய்ய?) ஒரு பேங்க்காரன் நம்பவில்லை, ஒரு சொந்தக்காரன் கை கொடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னால் என் வீட்டில் யாருக்கும் காதில் விழுவதில்லை. "அந்த ஆபீஸ் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் மகள் கயல்விழி அப்போது பி.காம் மூன்றாம் வருசம். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஒரு கம்பெனி மாசம் ஒன்பதாயிரம் பேசியிருந்தது. கையில் வந்தது எட்டாயிரத்து நூறு.

"மிச்சம் எங்கம்மா?"

"வரியா பிடிச்சுட்டாங்கப்பா. எனக்கு வரியே கிடையாது. வருசம் முடிஞ்சு கணக்குக் காட்டுனா திரும்பி வந்துரும்."

"கவர்மெண்டுக்குப் போன காசு திரும்பி வருமா?" என்று சிரித்தேன்.

வருசம் முழுக்கப் பிடித்தது பத்தாயிரத்து எண்ணூறு. அந்தப் பணத்தில்தான் ஆடிட்டர் படிப்புக்குப் பேர் பதிய வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம். நான் தருகிறேன் என்றால், "வேணாம்ப்பா. நீங்க மட்டும்தான் சொந்தக் கால்ல நிக்கணுமா?" என்கிறாள். பழக்கிவிட்டதே நான்தானே.

கணக்கைத் தானே போட்டு அனுப்பினாள். பணம் வரவில்லை. அவள் காட்டிய கணக்கும் அங்கே இருக்கிற கணக்கும் பொருந்தவில்லை என்று ஒரு மெயில்தான் வந்தது. பேர் பதிய மூன்று வாரம் பாக்கி.

"என்ன வித்தியாசம்னு கம்ப்யூட்டர்லயே பார்த்துருவேன்ப்பா" என்றாள்.

அன்றைக்கு அவளைப் பார்க்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் விடவில்லை. "பொட்டிகிட்டப் பேசுனா காரியம் நடக்குமா? ஆளைப் பாக்கணும். கிளம்பு, நான் வாரேன்" என்று பைக்கை எடுத்துவிட்டேன். போகிற வழியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு பொன்னாடை, ரெண்டு எலுமிச்சம்பழம். எந்த ஆபீசுக்கும் நான் வெறுங்கையோடு போனது கிடையாது.

ஆபீசில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். மேசையில் ஒரு மேடம், என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். பொன்னாடையை விரித்துவிட்டேன். விரித்த பிறகுதான் உறைத்தது, பொம்பளைக்கு நான் எப்படிப் போர்த்துவது? மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இதெல்லாம் வாங்கக் கூடாது. மடிச்சு வைங்க" என்றார் மேடம்.

விலை கம்மி என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். மடியில் வைத்துக்கொண்டேன்.

மேடம் பேன் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"பி.காம் மேடம். பார்ட் டைமா ட்யூஷன்."

"அப்ப இந்த மூணு லாரி? குடோன் வாடகை? டெபாசிட் வட்டி? ட்யூஷன் மட்டும்தானே காட்டியிருக்கீங்க?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கயல் பிறந்த அன்றைக்குத்தான் என் முதல் லாரிக்கு முதல் லோடு கிடைத்தது. அன்றிலிருந்து அவள் பேர்தான் எனக்கு ராசி. லாரி நெற்றியில் அவள் பேர், குடோன் போர்டில் அவள் பேர். பதினெட்டு முடிந்த வாரமே பேன் கார்டு எடுத்து, அதற்கப்புறம் போட்ட ஒப்பந்தம், டெபாசிட் அம்புட்டுக்கும் அந்த நம்பரையே கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜெராக்ஸ் கொடுத்தேன். காகிதங்களைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து நீட்டுவேன். ஏதோ இன்சூரன்ஸ் என்று அவளும் கையெழுத்துப் போடுவாள். பணம் கொடுக்கிறவர்களே வரியைப் பிடித்துக்கொண்டார்கள், அத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

பிள்ளை வெளிறிப்போய், "மேடம், வேற யாரோ தப்பா என் நம்பரைக் கொடுத்திருக்காங்க. என் பேர்ல ஒரு சைக்கிள் கூட இல்ல" என்றாள்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு ஆடிட்டரைப் பிடித்துச் சரி பண்ணியிருக்கலாம். ஆனால் இருபது வருச உழைப்பை வேற யாரோ என்று சொன்னால் பொறுக்குமா? எழுந்து நின்றேன்.

"எவனும் தப்பாக் கொடுக்கல மேடம்! அம்புட்டும் என் காசு! பேரு மட்டும்தான் அவ பேரு!"

வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெங்காய மூட்டையில் ஆரம்பித்தேன். மேடம் பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். ஆகா, இத்தனை வருசத்தில் என் கதையை ஒரு படித்த ஆள் எழுதிக்கொள்கிறாரே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"குடோன் வாடகை மாசம் ஐம்பதாயிரமா?" என்றார்.

"அது பழைய கணக்கு மேடம். இப்ப அறுபது."

கயல் என் காலை மிதித்தாள்.

"காலை எடும்மா, மிதிக்கிற" என்றேன், ஆபீசுக்கே கேட்கும்படி.

முழுக்கச் சொல்லி முடித்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மேடம் பொறுமையாக, "சரிங்கய்யா. இதை உங்க கணக்குல எந்த வருசம் காட்டியிருக்கீங்க?" என்றார்.

வரிசையில் நின்ற ஒருத்தர், "அண்ணே, உக்காருங்கண்ணே" என்றார். உட்கார்ந்தேன், பொன்னாடை மேலேயே.

அப்புறம் ஒரு ஆடிட்டரைப் பிடித்தேன். மூன்று வருசக் கணக்கும் என் பேருக்கு மாறியது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டினேன். ஒரு லாரியை விற்றேன், அதுவும் கயல் பேரை நெற்றியில் வைத்திருந்த அந்த முதல் லாரியை. அதுகூடப் பெரிசில்லை. இந்தச் சிக்கல் தீராமல் பிள்ளையின் பத்தாயிரத்து எண்ணூறு நகரவில்லை. பதிய வேண்டிய தேதி போய்விட்டது. நான் ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றேன், அவள் தொடவில்லை. அடுத்த பதிவுக்கு ஆறு மாசம் காத்திருந்தாள். அந்த ஆறு மாசமும் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவளுக்குப் பணம் வந்தது, கொஞ்சம் வட்டியோடு. அந்த வட்டியையும் அடுத்த வருசக் கணக்கில் வருமானம் என்று காட்டினாள். (என்ன பிள்ளை இது!) இப்போது தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியில் இருக்கிறாள். என் கணக்கும் அவள் கையில்தான். நான் எந்த ஆபீசுக்குப் போனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

வீட்டில் யார் எதை வாங்கி வந்தாலும், கால் கிலோ பகோடாவாக இருந்தாலும், என் பெண்டாட்டி உடனே எழுந்து நின்று, "அம்புட்டும் என் காசு மேடம்!" என்பாள். விசேஷ வீட்டில் மச்சான் என்னைப் பார்த்தாலே, "மாப்ள, பொன்னாடை எங்க?" என்கிறான். அந்தப் பொன்னாடை இப்போது எங்கள் வீட்டு டிவிக்கு உறை.

சிரிக்கட்டும். ஆனால் ஒன்று. பணம் தாமதமானதால்தானே கவர்மெண்டு வட்டி போட்டது? தாமதமானது யாரால்? கயல் எல்லோரிடமும் "என் சொந்தக் காசுலதான் பேர் பதிஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும், அசல் அவளுடையது. அந்த வட்டி என்னால் வந்தது. அதற்காவது என் பேரைச் சொல்லச் சொல்லுங்கள்.