புகைப் பரிசோதனைக்குப் போன சிவப்புக் கார்

காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். என் விஷயத்தில் மூக்கும் இல்லாமல் போனது.

நான் ஏலக்காய் வாங்கி விற்பவள். போடியில் எங்களுக்குக் கமிஷன் கடை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாருக்கு உதவியாகக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் காலமான பின் கடையே என் தலையில் விழுந்தது (அத்தை இதைப் படித்தால், "விழுந்துச்சா, நீயா இழுத்துப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்பார்). ஒரு கைப்பிடி காயை முகர்ந்தே அது புதுக்காயா, போன வருஷத்துக் காயா, காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிக் கருகியதா என்று சொல்லிவிடுவேன் என நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. அப்போதுதான் ஜோசப் சாரின் கார் விலைக்கு வந்தது.

ஜோசப் சார் குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டமும் ஏலத்தோட்டமும் வைத்திருந்தவர். வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஜப்பான் கார் ஒன்று அவரிடம் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு. தரையை முகர்ந்து பார்ப்பது போலத் தாழ்ந்த மூக்கு. அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் இட்லி சாப்பிடுகிறவர்கள்கூடக் கை கழுவாமல் எழுந்து வந்து பார்ப்பார்கள். அவருக்கு மூட்டு தேய்ந்து அதில் இறங்கி ஏற முடியாமல் போனதும், ஏலக்காய் மூட்டை போடுகிற கிட்டங்கியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதாக முடிவுசெய்து, வண்டியை விற்கப்போவதாக என்னிடம் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை.

என் கணவர் சரவணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் யோசித்தார்.

"வீட்ல நாலு பேர் இருக்கோம். ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்கு நமக்கு என்ன சோலி?"

"பின்னாடியும் சீட்டு இருக்குங்க."

"அதுல காலில்லாதவங்கதான் உக்கார முடியும்."

நான் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கினேன்.

ஜோசப் சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "செல்வி, நான் பிளைட் ஏர்றதுக்குள்ள வண்டியை உன் பேருக்கு மாத்திரு. என் பேர்ல ஒரு வண்டி இங்க ஓடிட்டிருக்க, அங்க எனக்குத் தூக்கம் வராது. முடியலைன்னா காசைத் திருப்பித் தந்துர்றேன். மதுரையில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

பேர் மாற்றத்துக்கு எல்லாக் காகிதமும் இருந்தது, புகைச் சான்றிதழைத் தவிர. வண்டி கிட்டங்கியில் தூங்கிய காலத்தில் அது காலாவதியாகிவிட்டது. அது என்ன பெரிய விஷயம் என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேனி ரோட்டில் பெட்ரோல் பங்க் ஓரமாகப் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் சௌந்தரிடம் போனேன்.

சௌந்தர் மெஷினிலிருந்து வரும் நீளக் குழாயைக் கொண்டுபோய்ப் புகைக்குழாயில் செருகினான். நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பின்னால் பார்த்தால் பங்க்கைக் காணவில்லை. புகை விலகி அது மறுபடி தெரிவதற்குக் கொஞ்ச நேரமானது.

"அக்கா, இது கார் புகை இல்லை. செங்கச் சூளைப் புகை," என்றான் சௌந்தர் இருமிக்கொண்டே. "மெஷினே பயப்படுது. ஆனா ஒண்ணுக்கா, புகை நல்லா வாசமா இருக்கு."

"பழைய வண்டிக்குன்னு ஒரு மணம் உண்டு சௌந்தர். இப்ப வர்ற வண்டியில அதெல்லாம் கிடையாது," என்றேன் நான். (இந்த வாக்கியத்தைப் பிற்பாடு எங்கள் வீட்டில் எத்தனை முறை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை.)

நல்ல மெக்கானிக்கிடம் விட்டிருக்க வேண்டும். நான் போனில் வீடியோ பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர், பழைய ஸ்போர்ட்ஸ் காரை மெதுவாக ஓட்டினால் உள்ளே கரி படியும், மலைப்பாதையில் ஒரு விரட்டு விரட்டினால் எல்லாம் எரிந்து சுத்தமாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மலைக்கா நமக்குப் பஞ்சம். போடிமெட்டுக்கு ஒரு ஏற்று ஏற்றி இறக்கி, அதே சூட்டோடு சௌந்தரிடம் போய்விடுவது என்று திட்டமிட்டேன். மறுநாள் பேர் மாற்றத்துக்கு ஜோசப் சாரும் நானும் தேனிக்குப் போயாக வேண்டும். அதற்கடுத்த நாள் அவருக்குப் பிளைட். ஆகவே அன்றைக்கே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது அத்தை வாசலில் வந்து நின்றார். சீலையெல்லாம் மாற்றித் தயாராக இருந்தார். "மெட்டுல தம்பி வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு. என்னைய எறக்கி விட்டுட்டு வா."

என் அத்தை நல்ல வாட்டசாட்டமான மனுஷி. கமிஷன் கடையில் இருக்கும் எடைத் தராசில் ஏறச் சொன்னால் அடிக்க வருவார். அவரை அந்த வண்டிக்குள் உட்கார வைத்ததைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, "ஏத்தா, இது காரா, கெணறா?" என்றார். ஒருவழியாக இறங்கினார். உட்கார்ந்த பிறகு அவர் கண்ணுக்கு நேராக ரோட்டோர நாய்களின் முகம்தான் தெரிந்தது.

மலையடியில் இருக்கும் முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. வெள்ளைக்காரர் சொன்னபடி மிதித்தேன். வண்டி உறுமியது. உறுமியதே தவிர ஓடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பஸ், ஒரு காய்கறி லோடு வண்டி, கடைசியில் விறகு கட்டிய ஒரு டிவிஎஸ், எல்லாம் முந்திக்கொண்டு போயின. டிவிஎஸ்காரர் திரும்பிப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினார்.

"செல்வி, ஏலக்கா வாசம் தூக்குதே," என்றார் அத்தை.

"போடியில பொறந்து வளந்துட்டு இதைச் சொல்றீங்களே அத்தை. நம்ம துணியில, தலையில, எங்கதான் அந்த வாசம் இல்லை?"

"இது துணியில வர்ற வாசம் இல்லை. வறுக்குற வாசம்."

டிரைவர் வேலையில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பாவனையில் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு முறை விக்கி, கரும்புகை ஒன்றைக் கக்கிவிட்டு நின்றது.

போனில் வீடியோவைத் தேடினேன். சிக்னல் இல்லை. பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. (ஆமாம். வாங்குவதற்கு முன் நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தேன்.) அத்தை காற்று வேண்டும் என்றதால் அவர் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வைத்தேன். அவரை வெளியே எடுக்கப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்ததில் நான்தான் உள்ளே போனேன்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு ஜீப்பு வந்து நின்றது. தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பு ஓட்டும் பால்பாண்டி எங்கள் கடைக்கு லோடு கொண்டுவருகிறவர்தான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"சேச்சி, ரோட்ல வச்சா பாயசம் காச்சுறீங்க?"

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவர்களுக்கும் அந்த வாசம் வருகிறது என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பால்பாண்டி எங்கேயோ கைவிட்டு லீவரைக் கண்டுபிடித்தார். பானெட் திறந்தது. எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே தூசி வடிகட்டி இருக்கும் என்றார். கிளிப்பைத் தள்ளி மூடியைத் தூக்கினார். வடிகட்டியைக் காணோம். சணல் நார், பழைய பேப்பர்த் துணுக்கு, அதற்கு மேல் பெட்டி கொள்ளாமல் ஏலக்காய். ஓரத்தில் இருந்ததெல்லாம் பச்சை, நடுவில் இருந்ததெல்லாம் சூட்டில் வறுபட்டுக் காப்பிக்கொட்டை நிறம்.

"அக்கா, எலி இங்க கமிஷன் கடை வச்சிருக்கு," என்றார் பால்பாண்டி.

ஜோசப் சாரின் கிட்டங்கியில் வண்டி தூங்கியபோது, ஓர் எலி மட்டும் தூங்காமல் மூட்டைக்கும் வண்டிக்குமாக நடந்திருக்கிறது. காற்று போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கியிருக்கிறது. தொழிலே ஏலக்காயான நான் அதைப் பழைய வண்டியின் மணம் என்று ரசித்திருக்கிறேன்.

ஒரு பெண் நாலைந்து காய்களை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "நல்ல பெருவெட்டுக் காய். எலிக்குத் தெரிஞ்சிருக்கு."

அத்தை கார் உள்ளிருந்தே கையை நீட்டினார். "இங்க கொண்டா, பாப்போம்."

பால்பாண்டி சணல் நாரைப் பிடித்து இழுத்தார். அடியில் குடியிருந்த கடைக்காரர் வெளியே வந்தார். வந்தவர் எஞ்சின்மேல் ஓடி, கண்ணாடியோரமாகத் தாவி, திறந்திருந்த கதவு வழியாக அத்தையின் மடியில் இறங்கினார்.

நான் பிடித்து இழுத்தும் அசையாத அத்தை, யார் கையையும் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டார். எப்படி வந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்தார்; அப்புறம் ஜீப்பில் இருந்தார். நடுவில் எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை.

"எலி எங்க?" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. சிலர் ஓடையில் குதித்தது என்றார்கள். சிலர் சீட்டுக்கு அடியில் போனது என்றார்கள். தட்டினோம், ஹாரன் அடித்தோம், ஒரு பெண் பூனை மாதிரிக்கூடக் கத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

பெட்டியைக் காலிசெய்ததும் வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது. புகையில்லை. "வெரசா போங்கக்கா, சௌந்தர் கடையை அடைச்சுருவான்," என்றார் பால்பாண்டி. அத்தை இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன், மெட்டுக்கும் போக வேண்டாம், ஜீப்பிலேயே ஊர் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு யோசனை சொன்னார்: "சுடிதார் காலைக் கட்டிக்க." பால்பாண்டி கொடுத்த சாக்குச் சணலால் இரண்டு கணுக்காலிலும் சுடிதாரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்போர்ட்ஸ் கார், கறுப்புக் கண்ணாடி, காலில் சணல். அப்படித்தான் மலையிறங்கினேன். பின்னாலேயே ஜீப்பு வந்தது. நடக்கப்போவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக அந்த ஜீப்பில் ஒருவருக்கும் மனமில்லை.

சௌந்தர் கடையைப் பூட்டப் போனான். கெஞ்சினேன். குழாயைச் செருகினான். மெஷின் சத்தமில்லாமல் எண்களைக் காட்டியது. "நம்ப முடியலைக்கா. பாஸாகப் போகுது. கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க, அவ்வளவுதான்."

இங்கே ஒரு தகவல். வண்டியை நிறுத்தினால் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்தார்கள். நான் முதல் கியரிலேயே வைத்துக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பேன். அடுத்துக் கிளம்ப வசதி என்பது என் கட்சி. சரவணன் இதற்காக என்னோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறார்.

ரேஸ் பண்ணினேன். எஞ்சின் அழகாகப் பாடியது. சௌந்தர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஜீப்பில் கைதட்டினார்கள். அந்த நிமிஷம், சணல் கட்டுக்கு மேலே, என் இடது முழங்காலில் ஏதோ ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

இரண்டு காலையும் ஒரேயடியாகத் தூக்கினேன்.

வண்டி பாய்ந்தது. குழாய் பின்னாலேயே பாய்ந்தது. குழாயின் மறுமுனையில் இருந்த மெஷின், மேசை, மேசைமேல் இருந்த டீ கிளாஸ், எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பின. பங்க் வாசலில் எஞ்சின் ஆயில் டப்பாக்களைக் கோபுரம் மாதிரி அடுக்கிவைத்திருந்தார்கள். அதற்குள் போய் முட்டி வண்டி நின்றது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் பானெட்மேல் விழுந்து முடித்தன. ஜன்னல் வழியாக எலி குதித்து, அவசரமேயில்லாமல் தேனி ரோட்டைக் கடந்து போனது.

சௌந்தர் தரையில் கிடந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. வண்டி போச்சு, ஜோசப் சார் மதுரைக்காரருக்கு இப்போதே போன் போடுவார் என்று நினைத்தேன். அப்போது ஓரமாக இருந்த பிரிண்டர், அது மட்டும் எதிலும் சிக்காமல் பிழைத்திருந்தது, முனகிக்கொண்டே ஒரு காகிதத்தைத் தள்ளியது.

"பாஸ்க்கா," என்றான் சௌந்தர். "இந்த மெஷின் குடுத்த கடைசி சர்ட்டிபிகேட்."

மெஷினையும் டப்பாக்களையும் சரிக்கட்டியது தனிக்கதை. அந்தப் பருவத்து லாபம் அதில் போனது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மறுநாள் வண்டி என் பேருக்கு மாறியது. முன்பக்கம் நசுங்கியிருந்த மூக்கைத் தடவிப் பார்த்த ஜோசப் சார் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "எலி மருந்து வச்சுக்கோம்மா," என்றார். ஜீப்பு எனக்கு முன்பே கதையோடு ஊருக்குள் போய்விட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்றும் சௌந்தரிடம்தான் போகிறேன். ஆனால் என்னை வண்டியை விட்டு இறங்கச் சொல்லி, சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் குழாயை எடுக்கிறான். அத்தை சொந்தபந்தங்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், தான் காரிலிருந்து "மெல்ல இறங்கி, சீலையைச் சரி பண்ணிக்கிட்டு" ஜீப்புக்கு நடந்து போனதாகச் சொல்வார். நான் மறுத்ததில்லை. மறுத்தால் மீதிக்கதையை அவர் இன்னும் விலாவாரியாகச் சொல்லிவிடுவார்.

ஒன்றுதான் என் மனசை உறுத்துகிறது. மாமனாரின் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஊரில் "பெரியகடை வீடு" என்று பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள். போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் புதுப் பையனுக்கு வழி தெரியாமல் போன் வந்தது. அத்தைதான் எடுத்தார். பெரியகடை வீடு என்று சொல்லிப் பார்த்தார். அவனுக்குப் புரியவில்லை. தெருப்பேர் சொன்னார். அதுவும் புரியவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்:

"எலிக்கார் வீடு எதுன்னு கேளு அப்பு. சின்னப்புள்ளகூடக் காட்டும்."