மச்சான் வாய் திறக்க வேண்டும்

மச்சான் எதைப் பற்றியும் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். வேறு குடும்பமாக இருந்தால் இதைக் கொண்டாடியிருப்பார்கள். எரிபொருள் கொள்முதல் அதிகாரிக்கோ கவலையில் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக மின்நிலையம் உண்டு. வகுப்பறை விளக்கிலிருந்து விடுதிக் குளியலறையின் வெந்நீர் வரை எல்லாம் அதன் புண்ணியம். அதற்கு வேண்டிய எண்ணெயை அன்றன்றைய விலைக்கும் வாங்கலாம். இன்றைய விலையிலேயே ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் செய்தும் வைக்கலாம். பின்னதை அலுவலகத்தில் ‘பூட்டுவது’ என்பார்கள். அதிகாரி பூட்டினால் விலை ஏறும். பூட்டாமல் விட்டால் இறங்கும். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

“உங்க முறைதான் என்ன சார்?” பொருளியல் பேராசிரியை பார்க்கும் இடத்திலெல்லாம் கேட்பார். எத்தனை வரைபடம் போட்டும் அவருக்கு அது பிடிபடவில்லை.

“கேள்விஞானம்தான் மேடம்.”

அது பொய்யன்று. மனைவியின் அண்ணனிடம் கேட்பார். அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார். முறை அவ்வளவுதான். மச்சான் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர் அலுவலகத்தில் மேலாளர். நாள் முழுவதும் ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்பது அதிகாரியின் எண்ணம். மழை வராது என்று மச்சான் அடித்துச் சொன்ன நாளெல்லாம் அதிகாரி குடையோடு போய், நனையாமல் வீடு திரும்பியிருக்கிறார்.

“எங்க அண்ணன் எனக்குச் சொன்னது எதுவும் பொய்யாப் போனதில்லை” என்பாள் மனைவி. பிறந்த வீட்டுப் பாசம் கண்ணை மறைக்கிறது என்று அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வினை ஒரு சிரிப்பில் வந்தது. உறவினர் வீட்டில் மச்சான் ஏதோ ஆரூடம் சொல்ல, அதிகாரி பத்துப்பேர் முன்னிலையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று மூடியதுதான் மச்சானின் வாய். பல்கலைக்கழகத்திலோ பதிவாளர் அதிகாரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

“இந்தத் தடவை குழு, கூட்டம் எதுவும் கிடையாது. பூட்டுறதும் விடுறதும் உங்க பொறுப்பு. தப்பாப் போச்சுன்னா, விடுதிச் சாப்பாட்டுப் புகார்ப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

அதிகாரி மச்சானைத் தொலைபேசியில் பிடித்தார்.

“எண்ணெய் விலை என்ன ஆகும்னு நினைக்கிறீங்க மச்சான்?”

“நான் நினைச்சு என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை? நீங்க படிச்சவங்க.”

இணைப்பு அறுந்தது. அதிகாரி மனைவியைத் தூது அனுப்பினார்.

“கேட்டியா?”

“கேட்டேன். எந்த எண்ணெய்னு கேட்டார். தாளிக்கிற எண்ணெய் இல்ல, அவர் ஆபீஸ் எண்ணெய்னு சொன்னேன். கேலி பண்ண விஷயம் கிடைக்கலைன்னு தங்கச்சியையே அனுப்பிட்டாரான்னு கோபம் இன்னும் ஏறிடுச்சு.”

“அவர் கோபம் ஏறுறது இருக்கட்டும். விலை ஏறுமா?”

“நீங்களே போய்க் கேளுங்க.”

போனார், ஒரு பை ஆப்பிளோடு. மச்சான் செய்தித்தாளை விரித்து, அதற்குப் பின்னால் குடியிருந்தார். மறுத்துப் பேசும் ஆசையையாவது தூண்டிப் பார்க்கலாம் என்று அதிகாரி நினைத்தார்.

“விலை இறங்கும்னு பேசிக்கிறாங்க மச்சான்.”

“பேசட்டும்.”

“ஏறும்னும் பேசிக்கிறாங்க.”

“அதையும் பேசட்டும்.”

காபி கொண்டுவந்த மச்சானின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதிகாரியின் கண்முன்னே புகார்ப் பிரிவின் நாற்காலி வந்து நின்றது. மானத்தைக் கழற்றிக் காபித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நான் சிரிச்சது தப்பு மச்சான். இத்தனை வருஷமா உங்க வார்த்தையை வெச்சுத்தான் பல்கலைக்கழகத்துக்கே எண்ணெய் வாங்குறேன். உங்களை அவ்வளவு நம்புறேன்.”

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

“நிஜமாவா மாப்பிள்ளை? நான் சொல்றபடி செய்வீங்களா?”

“எழுத்துப் பிசகாம.”

“அப்படின்னா கேளுங்க. விலை ஏறும். இன்னிக்கே பூட்டிடுங்க.”

அதிகாரி வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே திரும்பினார். ஏறும் என்று மச்சான் சொன்னபின், இறங்குவதைத் தவிர விலைக்கு வேறு வழி ஏது?

மறுநாள் பேராசிரியை வரைபடத்தோடு வந்தார். “என் கணக்கும் ஏறும்னுதான் காட்டுது சார். பூட்டிடலாமா?”

“வேண்டாம் மேடம். விலை படுத்துடும்.”

விலை படுக்கவில்லை. எழுந்தது, நடந்தது, பிறகு ஓடவே தொடங்கியது. மின்நிலையப் பொறியாளர் அறைக்கே வந்துவிட்டார்.

“தொட்டியில அடி தெரியுது சார். இந்த விலைக்கே வாங்கலாமா, இல்ல விடுதியில எல்லாரையும் பச்சைத்தண்ணியில குளிக்கச் சொல்லலாமா?”

பதிவாளர் இன்னும் சுருக்கமாகப் பேசினார். “நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லிட்டேன்.”

பழைய நாற்காலி போன துக்கத்தைவிட ஒரு கேள்விதான் அதிகாரியை அதிகம் குடைந்தது. வாழ்நாளெல்லாம் தப்பாகச் சொன்ன மனிதர் இந்த ஒருமுறை மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னார்? விடை தெரியாமல் தூக்கம் வராது என்று மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் அலுவலகத்தில் இருந்தார். அவர் மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம் அக்கா. மச்சானுக்கு எப்படி இந்தத் தடவை பலிச்சது?”

“அவருக்கு எப்பவும் பலிக்குமே தம்பி. எண்ணெய்க் கப்பல் வர்றதும் வராததும் அவர் ஜன்னல்லயே தெரியுதே.”

“என்கிட்ட சொன்னது ஒண்ணுகூடப் பலிச்சதில்லையே?”

அக்கா மடித்த துணியை ஓரமாக வைத்தார்.

“அவர் எதைச் சொன்னாலும் நீங்க எதிராத்தானே செய்வீங்கன்னு உங்களுக்கு மட்டும் இத்தனை வருஷமா மாத்திச் சொல்லிட்டிருந்தார் தம்பி. நம்புறேன்னு நீங்க சொன்ன சந்தோஷத்துல, அன்னிக்குத்தான் முதல் தடவையா நேராச் சொன்னார்.”