சாகாத ராசாவுக்கு ஒரு சாவு வேண்டி

அறப்பளீசுரர் பாதம் துணை.

குண்டனி நாடு,
தாது வருஷம், தை மாதம்.

இராசிபுரம் நெய் மண்டியில் எடை போடும் என் தம்பி மகன் மகாராஜராஜஸ்ரீ அண்ணாமலைக்கு, அத்தை மாதம்மாள் அநேக ஆசீர்வாதங்கள் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், ஆடு, பலாமரம் எல்லோரும் ஈசுவரன் புண்ணியத்தில் சுகம். உன் மாமாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அவர் இன்னும் ராசாவாகவே இருக்கிறார். ஆகையால் இந்தக் கடுதாசி கண்டதும் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, மலையேறி வந்து, உன் மாமாவைக் கொன்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் என் மனசு ஆறும். பெரியண்ணசாமி கோயில் முன்னால் ஆடின தளவாய் கூத்தில் உன் மாமா தளவாய், நீ இளவரசன். சாகக் கிடக்கும் ராசா, "என் பிள்ளை வளர்கிற வரைக்கும் பத்திரமாக வைத்திரு" என்று கொடுத்த கிரீடத்தைத் தளவாய் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, புத்தி சொன்ன மந்திரியை விரட்டிவிட்டு, பயத்தில் தூக்கம் கெட்டு, கடைசியில் இளவரசன் கையால் வெட்டுப்பட்டு விழ வேண்டும். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. நீ வாளை உருவின நேரம் பார்த்து மேகம் இறங்கிவிட்டது. பந்தம் தெரியவில்லை, மத்தளக்காரர் தெரியவில்லை, ராசாவும் தெரியவில்லை. "அடே துரோகி, எங்கே இருக்கிறாய்?" என்று நீ பாட, "இங்கேதாண்டா இருக்கறேன்" என்று மாமா பாட, சத்தம் வந்த பக்கம் நீ வீச, அது மந்திரி வேஷம் கட்டின முத்தன் முதுகில் விழுந்து, "அய்யோ சாமி, நானில்லடா!" என்று அவர் அலற, அதற்குள் விடிந்தே விட்டது. நீயும் மண்டிக்கு நேரமாச்சு என்று மூஞ்சியில் பூசின சாயத்தோடு காரவள்ளிப் பக்கம் இறங்கிப் போய்விட்டாய்.

நம்ம மலை வழக்கம் உனக்குத் தெரியும். கூத்தில் கிரீடம் ஏறின தலை, கூத்திலேயே விழுந்தால்தான் கிரீடம் இறங்கலாம். விழாமல் கழற்றினால் சாமிக்குப் பாதிக் கூத்து ஆடின பாவம் ஊருக்கே சேரும். வெட்டுவதும் இளவரசனாகக் காப்புக் கட்டின உன் கைதான் வெட்ட வேண்டும். அதுவரைக்கும் அவர்தான் ராசா. ராணி வேஷம் கட்டின சின்னுசாமி நல்லவேளையாக நடுக் கூத்திலேயே செத்துவிட்டார். மறுநாளே சேலையை மடித்துக் கொடுத்துவிட்டு மிளகு பறிக்கப் போய்விட்டார்.

உன் மாமா முதல்நாள் அழுதார், கண்ணு. "ஏ புள்ளே, நெத்தியக் குத்துது, குனிஞ்சு களி திங்க முடியல, எப்படியாவது கழட்டு" என்று கெஞ்சினார். நான்தான் சாமி குத்தம் என்று மிரட்டி வைத்தேன். அப்புறம் வழக்கப்படி ஊர்க்கவுண்டர் முதல் வாழைத்தாரை வெட்டி இவர் முன்னால் வைத்துக் கும்பிட்டார். அதோடு கெட்டது. நெற்றி குத்துவது நின்றுபோய்விட்டது. தூங்கும்போதும் கிரீடம், குளிக்கும்போதும் கிரீடம். "யாரங்கே!" என்று கூப்பிடுகிறார். ஊட்டில் யாரு இருக்கா, நானும் ஆடும்தான். நான் சில நேரம் பேசாமல் இருந்துவிடுவேன், ஆடு பாவம், ஒவ்வொரு தரமும் பதில் சொல்கிறது.

சுப்பம்மாளுக்கும் பாப்பாத்திக்கும் பலாமர வழக்கு இருக்குதல்லவா, அடிமரம் ஒருத்தி நிலத்தில், காய் தொங்குவது இன்னொருத்தி நிலத்தில், அதை இவரிடம் கொண்டு வந்தார்கள். கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம், "மரம் அவளுக்கு, நிழல் இவளுக்கு, பழம் அரமணைக்கு" அப்படின்னுட்டார். அரமணைன்னா நம்ம கூரை ஊடு, சாமி. ரெண்டு பேரும் என்னைய மொறச்சுக்கிட்டே போனாளுக. பழம் என்னமோ தேனாட்டம் இருந்துது, அதையும் சொல்லிப்போடறேன்.

முருங்கக் கட்டையில செஞ்ச கிரீடத்துல கண்ணாடிச் சில்ல ஒட்டுனது தேன்மெழுகுல. அந்த வாசத்துக்கு ஈ வந்து தலையச் சுத்திக்கிட்டே இருக்குது. உங்க மாமா அதை "என் சேனை"ங்கறார். காலங்காத்தால வெள்ளையா மேகம் ஏறி வரும்போது மிளகுக் கொடிக்கு நடுவால அவர் நடந்து போனா, ஆளு தெரியாது, காலு தெரியாது, அந்தச் சில்லு மட்டும் மினுக் மினுக்குனு மேகத்துக்குள்ள மெதந்து போகும், கூடவே ஈ பாடிக்கிட்டுப் போகும். நான் அடுப்ப விட்டுட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நெசமாலும் கூத்து இன்னும் முடியலையோ, நாமெல்லாம் அதுக்குள்ளதான் களி கிண்டிக்கிட்டு இருக்கறமோன்னு இருக்கும். எட்டுக்கை அம்மான்னு ஒரு கும்புடு போட்டுட்டு உள்ள வந்தா, களி அடிப்புடிச்சிருக்கும்.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். முத்தனை வெரட்டுனதுதான் எனக்கு ஆறல. முதுகு வீக்கத்தோட வந்து, "டே பழனி, அது வெறும் முருங்கக் கட்டைடா, எறக்கி வெச்சுட்டு வாடா, வெத்தல போடலாம்"னு கூப்புட்டார். இவர், "மந்திரியே, ஓடைக்கு இந்தப் பக்கம் உன் நிழல் விழக் கூடாது"ன்னுட்டார். அந்த மனுசன் ஓடையத் தாண்டிப் போய்ப் பாறை மேல உக்காந்துக்கிட்டார். தெனம் பொழுது சாய அங்க வந்து நமக்கு முதுகக் காட்டி உக்கார்றார். இவரும் இந்தப் பக்கம் போய் அவருக்கு முதுகக் காட்டி உக்கார்றார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு இடுப்புல வெத்தலையத் தேடறாங்க. முத்தன்கிட்ட வெத்தல, இவர்கிட்டப் பாக்கு. அப்படியே எந்திரிச்சு வந்தர்றாங்க.

தூக்கமும் போச்சு, கண்ணு. யாரு கையில அருவாளப் பாத்தாலும் செவுத்தோரமா ஒதுங்கறார். மலைக்காட்டுல அருவா இல்லாம எவன் நடப்பான்? நேத்து நான் அகப்பையோட கிட்டப் போனேன். வெடுக்குனு எந்திரிச்சு, "உன்னை அனுப்பியது யார்?"ங்கறார். "ஏனுங்க, கொழம்புதானுங்க அனுப்புச்சுது"ன்னேன். சிரிக்கல. முன்னெல்லாம் இப்படிச் சொன்னா தொடையத் தட்டிச் சிரிக்கிற மனுசன். என்னையப் பாத்து ஒரு பார்வை பாத்தார் பாரு, கட்டிக்கிட்டவ மாதிரி பாக்கல, காவக்காரன் திருடனப் பாக்கற மாதிரி. அப்பவே அழுதுட்டேன். எனக்கு அந்தச் சிரிக்கிற ஆளு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

அதனால அண்ணாமல, நீ வந்தே ஆகணும். வார பௌர்ணமிக்கு மத்தளக்காரரச் சொல்லி வெச்சிருக்கறேன். மேகம் எறங்கறதுக்கு முந்தி, பகல்லயே வெட்டிப்போடு. மெல்லமா வெட்டு, இடுப்புல வாயு புடிச்சிருக்குது. இடப்பக்கமா விழச் சொல்லு, அங்க வைக்கோல் போட்டு வெக்கறேன். விழுந்த ஒடனே கிரீடத்த எடுத்துக் கோயில்ல வெச்சுட்டு, முத்தனக் கூப்புட்டு வெத்தலத் தட்ட நடுவுல வெச்சறலாம். உனக்குச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் கொழம்பும் ஆக்கறேன். மாமனக் கொன்னவன்னு ஒருத்தரும் பேச மாட்டாங்க, ஊரே உன்னையக் கும்புடும்.

உனக்கும் உன் முதலாளிக்கும், நீ எடை போடற தராசுக்கும்கூட பெரியண்ணசாமி காவல் இருக்கட்டும். காலாகாலத்துல ஒரு நல்ல பொண்ணு அமையட்டும். ஆடும் உன்னைய விசாரிச்சது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்து வழிமேல் நிற்கும் அத்தை,
மாதம்மாள்

பின்குறிப்பு: கடுதாசிய மடிச்சுச் சந்தைக்கு எறங்கற பாவாயிகிட்டக் குடுக்கப் போனேன். வழியில ஊர்க்கவுண்டர் நாலு பெரியவங்களோட வந்தார். மாசி நோம்பிக்கு அம்மன் கோயில்ல மொதப் பொங்கப் பானைய ராசா ஊட்டுப் பொம்பளைதான் வெக்கணுமாம். நம்ம நாடு மட்டுமில்ல, ஆலத்தூர் நாட்டுப் பொம்பளைகளும் என் பானை பொங்குன பொறகுதான் அடுப்பப் பத்த வெப்பாங்களாம். நான் வேண்டவே வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டாவது தரம் கேட்டாங்க. அம்மனே கேக்கற மாதிரி இருந்துது. அம்மன் கேட்டா மாட்டேங்கறதுக்கு நான் யாரு? அதனால பௌர்ணமிக்கு நீ வர வேண்டாம். மாசி போகட்டும். பங்குனியிலயும் ஒரு பூசை இருக்குதாம், அதுவும் போகட்டும். உங்க மாமாவுக்கும் இப்ப ஒண்ணும் கொறையில்ல, தூக்கம் என்ன தூக்கம், வயசானா வராதுதான். முத்தனுக்கும் பாறையில காத்து நல்லா வருது. லீவு கேட்டு முதலாளியத் தொந்தரவு பண்ணாத, கண்ணு. மீறி வாளத் தூக்கிக்கிட்டு மலையேறுனியோ, அத்தையத் தாண்டித்தான் மாமங்கிட்டப் போகணும், சொல்லிப்போட்டேன்.