டிசால்வ் சொன்னதும் நான் எழுதியதும்

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம் செய்துகொண்டவர் யாராக இருந்தாலும் சரி, எங்கள் வீடியோ எடிட்டர் டிசால்வ் கையில் ஒரு தடவை கரையாமல் தப்பியதில்லை. ஒரு காட்சி கரைய, அடுத்த காட்சி மெல்ல எழுமே, அதற்குத்தான் டிசால்வ் என்று பேர். அதைப் போடாமல் அவரால் இரண்டு காட்சியை ஒட்ட முடியாது. மாப்பிள்ளை கரைந்து மாமியார் வருவார், மாமியார் கரைந்து சாம்பார் வாளி வரும். அதுவே மனிதருக்குப் பட்டப்பேராகி, சொந்தப் பேர் ஸ்டூடியோ முதலாளியான எங்கள் மேடத்துக்கே மறந்துபோயிருக்கும்.

நான் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தது ஐம்பத்திரண்டு வயதில், வேலை போய் எட்டு மாதம் கழித்து. மேடம் ஓர் ஏஐ ஏஜெண்ட் வாங்கியிருந்தார். சொன்னால் அதுவே வீடியோவை வெட்டி ஒட்டும். ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேரில் எந்த டூல் எதற்கு, எப்போது தொடலாம், எப்போது கூடாது என்று யாராவது அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். டிசால்வ் சொல்ல, நான் எழுத வேண்டும். ஏஜெண்ட் வெட்டும் முதல் கல்யாணம் வாடிக்கையாளருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பற்றி மனைவியிடம் நான் வாயே திறக்கவில்லை.

டிசால்வுக்கு ஏஜெண்ட் என்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். காலையில் வந்ததும் "வணக்கம் தம்பி, பசியாறிட்டியா?" என்று டைப் செய்வார். நான் சாப்பிடுவதில்லை என்று அது பதில் போட்டால், புதுசு, கூச்சப்படுறான் என்று எனக்கு விளக்கம் சொல்வார்.

ரிப்பிள் டெலீட் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன். ஐந்து நாற்காலியை வரிசையாகப் போட்டு, என்னை நடுவில் உட்கார வைத்து, நாற்காலியோடு வெளியே இழுத்துவிட்டார். பிறகு மற்ற நாற்காலிகளை முன்னால் தள்ளி, "ஒருத்தர் போனா மத்தவங்க நகர்ந்து உக்காரணும் சார். இல்லன்னா நடுவுல கறுப்பா ஓட்டை தெரியும்லா" என்றார். ஸ்லோ மோஷனுக்கு மணப்பெண் மாதிரி தலை குனிந்து ஆபீஸ் முழுக்க நடந்து காட்டினார். மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

எனக்கோ இருபது வருஷம் மெஷின்களுக்குக் கையேடு எழுதிய திமிர். அவர் அரை மணி நேரம் சொல்வதை நான் ஒரே வரியில் சுருக்குவேன். மேடையில் வந்து வாழ்த்தினவர்களில் ஒருத்தரைக்கூட வெட்டக் கூடாது என்று அவர் ஒரு மதியம் முழுக்கச் சொன்னார். முகம் வராவிட்டால் அந்தச் சொந்தம் அடுத்த கல்யாணத்துக்கு வராதாம். தன் வீடியோவில் இதுவரை ஒரு முகம் விட்டுப்போனதில்லை என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. தே ஆற்றிக் கொடுக்கிற கடைக்காரர் வரை அதைச் சொல்லியிருந்தார். எனக்கு அது வெறும் ஊர்க்கதையாகப் பட்டது. அதை விட்டுவிட்டு, 'ஒரே மாதிரிக் காட்சிகள் பல வந்தால், தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குக' என்று எழுதினேன். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

ஏஜெண்ட் வெட்டிய முதல் கல்யாண வீடியோவைப் பார்க்க, காப்பார் என்கிற ஊரிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். தாலி கட்டு முடிந்தது, அழகு. மேடைக்கு ஒரே ஒருத்தர் வந்தார். கையில் ஏணி. மண்டபத்து ஏர்கான் ரிப்பேர்காரர். கூட்டம் இல்லாத நேரத்தில் ஏறியதால் அவர்தான் படு தெளிவாக இருந்தார். அடுத்தது சாப்பாட்டுப் பந்தி வந்துவிட்டது.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "எங்க ஆளுங்க எல்லாம் எங்க? மேருவிலேர்ந்து மட்டும் ரெண்டு பஸ் வந்துச்சே."

யார் இப்படி எழுதியது என்று மேடம் என்னைப் பார்த்தார். அத்தனை கையேடு எழுதிய நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

"நான்தான் மேடம்" என்றார் டிசால்வ். "சார்கிட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். என் தப்பு."

காப்பார்காரர்கள் முன்னாலேயே மேடம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் தலையாட்டிக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பஸ் ஜனத்தையும் மேடையேற்றி, ஒவ்வொருத்தருக்கும் நடுவில் ஒரு டிசால்வ் போட்டுக் கொடுத்தார். அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

மேடத்திடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. "தெரியும் சார்" என்றார் அவர். "அந்த மேடைக் கதையை எங்கிட்டயும் எத்தனை வருஷமா சொல்றாரு." திருத்தி எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று டிசால்விடமே போய்க் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்குப் பேரு போனா அடுத்த கல்யாணத்துல திரும்பி வந்துரும் சார். உங்களுக்கு வேலை போனா வருமா?" என்றார்.

அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். அன்றிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன்.