கப்பல்காரர் நடத்திய சமாதானப் பேச்சு

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் உலகத்தையே தோளில் சுமந்த மனிதர் என்றால் அது கப்பல்காரர் ஒருவர்தான். ஓட்டியதோ ஆட்டோ. கப்பலில் கால் வைத்ததே இல்லை. ஆனால் எந்த எண்ணெய்க் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று செல்போனில் பார்க்காமல் முதல் சவாரி ஏற்றமாட்டார்.

இட்லி மட்டும்தான் என் கடையில் வாங்குவார். வடைக்கு ஒரு கடை, டீக்கு வேறொரு கடை. "என் வடைக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்டேவிட்டேன்.

"கொறையே இல்லக்கா. ஒரே நாட்டுக்கிட்ட எண்ணெய் வாங்கினா அவன் வெச்சதுதான் சட்டம். ரஷ்யாக்காரன்கிட்ட கொஞ்சம், அரபுக்காரன்கிட்ட கொஞ்சம்னு வாங்கிக்கினு இருக்கணும்."

"அப்போ நான் இன்னா நாடு?"

"நீங்க வல்லரசுக்கா!"

அப்புறம் நிஜமாகவே வளைகுடாவில் சண்டை மூண்டு கப்பல்கள் நின்றுபோயின. கடைகளுக்கு சிலிண்டர் வரவில்லை. என் அடுப்பு அணைந்தது. இப்படியே மூடிக் கிடந்தால் வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள். பிறகு எனக்குக் கடையே இல்லை.

எதிரே பிரியாணிக் கடை பாய் வைத்திருப்பது விறகடுப்பு. காலையில் அது சும்மாதான் கிடக்கும். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் அவர் வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"போய்க் கேளுங்கக்கா," என்றார் கப்பல்காரர்.

"நானா? கடையை இழுத்து மூடுவேனே தவிர அவர் வாசலை மிதிக்கமாட்டேன்."

"வல்லரசுங்கோ நேரா பேசாது. நான் போறேன்."

சவாரியை எல்லாம் விட்டுவிட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தார். கடைசியில் மூச்சிரைக்க வந்து நின்றார். "பாயே சொல்லிட்டாருக்கா, 'பாவம், அந்தம்மா வந்து வேவிச்சிக்கட்டும்'னு. வண்டிங்கோ மட்டும் அவர் வாசல்ல நிக்கக்கூடாதாம்."

அவரே கூப்பிட்டபிறகு போகாமல் இருந்தால் மரியாதையா? மறுநாள் விடிந்ததும் மாவும் இட்லிக் கொப்பரையுமாகப் போனேன். கப்பல்காரர்தான் விறகு தள்ளினார், கண்ணெல்லாம் புகை. முதல் ஈடு இறங்கியதும் பாய்க்கு ஒரு தட்டு வைத்து, "கூப்பிட்டு அடுப்பு குடுத்தீங்களே, பெரிய மனசு," என்றேன்.

பாய் முழித்தார். "நான் எங்கம்மா கூப்பிட்டேன்? நீங்கதான் அழுதுகினே கேட்டதா சொன்னாரே!"

அழுதேனா? நானா? அகப்பையோடு வெளியே வந்தேன். ஆட்டோவின் பின்சீட்டில், முகமெல்லாம் கரியோடு, கப்பல்காரர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தாம்பரம் ஸ்டேஷன் வருமா?" என்று ஒருவர் ஆட்டோவைத் தட்ட வந்தார்.

"மெதுவா பேசுங்க சார்," என்றேன். "வேற வண்டி பாருங்க. அவர் தூங்கட்டும்."