உலகம்மாள் எடுத்த வெள்ளைக் கல்

ஒரு காட்டில் உலகம்மாள் என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். மிக நன்றாகச் சமைப்பாள். அவளுடைய கஷ்டமெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அவள் வீட்டுக்காரர் தங்கப்பழத்துக்கு நான்கு தம்பிகள். நான்கு பேருக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள். பன்றிக் குடும்பம், கேட்கவா வேண்டும்? மொத்தம் முப்பத்தொரு வாய், எல்லாருக்கும் சாப்பாடு இவள் வீட்டில்தான். காலையில் கிழங்கு அவித்து இறக்கினால் மத்தியானப் புளிக்குழம்புக்கு நேரமாகிவிடும். "இன்னிக்கு ஒருநாள் முடியலையே" என்று சொல்லிப் பார்ப்பாள். "மதினி கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்று பாராட்டிக்கொண்டே கொழுந்தன்மார் இலையை விரிப்பார்கள். அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு பரிமாறப் போவாள்.

இந்த நிலையில் தங்கப்பழம் புது வீடு கட்டினார். சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. அடுப்பு மேடைக்குக் கல் எடுப்பதுதான் பாக்கி. இருவரும் ஆற்றங்கரையில் ஆவுடையப்பன் என்ற ஆமை நடத்திவந்த கல்லுக்கடைக்குப் போனார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மிளா மான் தம்பதி குளியலறை டைல்ஸுக்குச் சண்டை போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஆவுடையப்பன் முதலில் கறுப்பு கிரானைட்டைக் காட்டினார்.

"இதை எடுங்க. கொதிக்கிற சட்டியை அப்படியே இறக்கி வைக்கலாம். மஞ்சள் ஒட்டாது, புளி ஊறாது. முப்பது வருஷம் ஆனாலும் இதுல நூறு பேருக்குச் சமைக்கலாம்."

"முப்பது வருஷமா?" என்றாள் உலகம்மாள். அவள் காது இரண்டும் தொங்கிப்போயின.

"அருமை! இதையே போட்டுருவோம்" என்றார் தங்கப்பழம்.

அப்போதுதான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு வெள்ளை மார்பிள் பலகை அவள் கண்ணில் பட்டது.

"அது என்ன கல்லு அண்ணாச்சி?"

ஆமை நேர்மையான வியாபாரி. "அது வேண்டாம் தாயி. எலுமிச்சை ஒரு சொட்டு பட்டாலும் பாலிஷ் போயிரும். மஞ்சக் கறை ஏறினா இறங்காது. எண்ணெயைக் குடிச்சிரும். சூடும் ஆகாது."

"அப்ப அதுல என்னதான் செய்ய?"

ஆவுடையப்பன் கழுத்தை உள்ளே இழுத்து யோசித்துவிட்டு வெளியே நீட்டினார். "பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"அதையே போடுங்க."

தங்கப்பழம் பதறிவிட்டார். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"கல்யாணமாகி பதினோரு வருஷத்துல உங்ககிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

அவர் நினைத்துப் பார்த்தார். 'இன்னும் கொஞ்சம் போடவா' என்று கேட்டதைத் தவிர வேறெதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தலையாட்டினார்.

ஆமை ஒரு படிவத்தை நீட்டினார். கறை படிந்தால் கடை பொறுப்பல்ல என்று தொடங்கிப் பதினான்கு நிபந்தனைகள். தங்கப்பழம் படிக்காமலே குளம்பைப் பதித்தார். உலகம்மாள் வரி விடாமல் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது.

"இதுல இன்னொரு பிரதி கிடைக்குமா அண்ணாச்சி?"

கல் பதித்த மறுநாள் ஒரு மயில் வந்து அதை ஃபோனில் படம் பிடித்துக் காடு முழுக்க அனுப்பியது. யானையே தேடி வந்து, வாசலில் தலையை மட்டும் நுழைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே தங்கப்பழம்!" என்றது. யானைக்குத் தன் பெயர் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

பால்காய்ச்சுக்குத் தம்பிகள் குடும்பத்தோடு வந்தார்கள். அடுக்களைச் சுவரில் நிபந்தனைப் படிவம் ஒட்டியிருந்தது. மூத்த தம்பி சுடலைக்கண்ணு கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மேடையில் வைக்கப் போனான். உலகம்மாள் வாயைத் திறப்பதற்குள் தங்கப்பழம் பாய்ந்தார்.

"ஏலே! எடுலே அதை!"

சுடலைக்கண்ணு மிரண்டுபோனான். "அப்ப சோறு?"

"பின்னால நாவல் மரத்தடியில அடுப்பு கூட்டியிருக்கேன். போய்ப் பொங்குங்க."

"மதினி வரலையா?"

"மதினி கல்லைப் பாத்துக்கணும்லா."

தம்பிகள் பொங்கினார்கள். கருணைக்கிழங்கு சரியாக வேகாமல் வந்தவர்கள் நாக்கெல்லாம் அரித்தது. அடுத்த வாரம் பாதிப்பேர்தான் சாப்பிட வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அப்புறம் ஃபோனிலேயே நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

மத்தியானங்களில் உலகம்மாள் மேடையில் ஏறிச் சில்லென்ற கல்லில் வயிற்றை வைத்துப் படுத்தாள். முதல் நாள் பழக்க தோஷத்தில் நான்கு தடவை திடுக்கிட்டு எழுந்து அடுப்பைத் தேடினாள். அதன்பிறகு குறட்டைதான். தங்கப்பழம் நாவல் மரத்தடியில் புகையில் கண்ணைக் கசக்கியபடி இருவருக்கும் குழம்பு வைத்தார். மூன்றாம் மாதம் அது வாயில் வைக்கிற மாதிரி ஆயிற்று.

ஒருநாள் ஆவுடையப்பன் குற்றவுணர்ச்சியோடு வந்தார். "அடுக்களையில சமைக்கவே முடியலையாமே தாயி. மனசு கேக்கல. கிரானைட்டுக்கு மாத்தித் தந்துரட்டுமா?"

உலகம்மாள் சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தாள். "அதை விடுங்க அண்ணாச்சி. ஹாலுக்கு ஒரு கல்லு வேணும். விருந்தாளி யாரும் கால் வைக்கவே கூடாத மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

நீதி: வீட்டுக்குக் கல் எடுக்கும்போது அது எதற்கெல்லாம் ஆகாது என்று விசாரித்து வாங்கவும். நன்றாக உழைக்கிற கல்லை வாங்கினால் அதோடு சேர்ந்து நீங்களும் உழைக்க வேண்டியிருக்கும்.